நாலு மெடிக்கலிலும் கிடைக்காத மருந்து

என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. தாளின் தலைப்பில் பிள்ளையார் இருந்தால் அது கல்யாணப் பத்திரிகை, பீரோவில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்திருந்தால் அது மருந்துச் சீட்டு, மெடிக்கலில் நீட்ட வேண்டும். புனே பக்கத்து ஆகுர்டியில் முப்பது வருஷம் இந்த இரண்டு விதிகளை வைத்தே குடும்பம் நடத்தியவள். அந்த இரண்டாவது விதியால் என் மானம் ஒரே நாளில் கோந்த்வா மெயின் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கியது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சா. ஐயோ, முகத்தைச் சுளிக்காதீர்கள், நானே போதுமான அளவு சுளித்தாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்கு இருந்த மரியாதையைச் சொன்னால்தான் விஷயத்தின் கனம் புரியும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆகுர்டியில் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஹோலி வந்தால் அம்மா வீட்டை உள்பக்கமாகப் பூட்டிவிடுவாள். காலனியில் தண்டாய் பாலில் பாங் என்று கஞ்சா இலையை அரைத்துக் கலந்து கொடுத்துவிடுவார்களாம். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள் பாவம், பூரண்போளி செய்து அனுப்புவார். அதைக்கூட முகர்ந்து பார்த்து, தான் ஒரு வாய் தின்று, கால் மணி நேரம் உட்கார்ந்து தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் எனக்குக் கொடுப்பாள். அப்படிப் பூட்டிப் பூட்டி வளர்த்த பெண் நான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் எனக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. ஆகுர்டியிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்று சொல்லி, கோந்த்வாவில் இரண்டு பெண்களோடு ஒரு ஃப்ளாட் எடுத்தேன். அந்தக் கட்டடத்துக்கு ஒரு மொட்டைமாடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். ஒருவன் சுருட்டுவான், மற்றவர்கள் ஊதுவோம். இரண்டு இழுப்புக்குப் பிறகு மானேஜரைப் போலப் பேசிக் காட்டினால் போதும், வயிறு வலிக்கச் சிரிப்போம். அதற்குப் பிறகு ஒரு பசி வருமே, அப்பப்பா! பாகர்வடி ஒரு பாக்கெட், வடாபாவ் மூன்று, அதற்கு மேல் ஊருக்குள் போய் ஆளுக்கொரு மாம்பழ மஸ்தானி. புனேயில் மஸ்தானி என்பது பெரிய கண்ணாடி டம்ளரில் மில்க்‌ஷேக் ஊற்றி அதன் தலையில் ஐஸ்க்ரீமையும் ஏற்றி வைப்பது. நான் இரண்டு குடித்த சனிக்கிழமைகளும் உண்டு.

மூன்று வருஷம் இப்படிப் போனது. அந்த மாடியில் மானேஜரை மிகவும் நன்றாக நடித்துக் காட்டிய தமிழ்ப் பையனையே நான் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு வீட்டுக்கும் நாங்கள் ஆபீஸில் பழகியவர்கள். ஆபீஸின் எந்த மாடியில் என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த அன்றே இருவரும் கஞ்சாவை நிறுத்தினோம். அதில் நான் ரொம்ப ஒழுங்கு. நிறுத்தி ஆறு வாரத்தில் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அட, இவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷப்பட்டேன். ஆறு வாரம் போதுமா என்ற கேள்வி அப்போது மூளையின் பக்கத்தில்கூட வரவில்லை.

நாலாம் மாசம் அம்மா ஆகுர்டியிலிருந்து ஒரு பெட்டி, ஒரு உரல், இரண்டு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி ஆகியவற்றோடு எங்கள் கோந்த்வா ஃப்ளாட்டில் வந்து இறங்கினாள். பிள்ளைத்தாச்சியைத் தனியே எங்கும் விடக் கூடாது என்பது அவள் சட்டம். மற்றவர்களின் அம்மாக்கள் ஆஸ்பத்திரி வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். என் அம்மா டாக்டர் அறைக்குள் எனக்கு முன்னால் நுழைந்து, எனக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தானே பதில் சொல்லிவிடுவாள். அதுவும் என்னைவிட அழகான மராட்டியில். ஊரில் எல்லாருக்கும் அவள் 'மாவ்ஷி', அதாவது சித்தி.

டாக்டர் ஐம்பது வயசு மராட்டிக்கார அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். எந்தக் குழைவும் கிடையாது. அம்மா வந்த பிறகு போன முதல் தடவை, ஃபைலில் காலியாகக் கிடந்த கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தவர், சிகரெட், குடி, வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நாஹி, நாஹி! எங்க வீட்டுல சாயாவே ரெண்டு வேளைதான்." டாக்டர் 'இல்லை' என்று எழுதினார். நான் சுவரில் இருந்த கொழுகொழு குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னையே முறைப்பதுபோல இருந்தது.

ஆறாம் மாசம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை. கர்ப்ப காலத்தில் வருகிற சர்க்கரை என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்த உடனே அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நானும் எடை கூடித்தான் இருந்தேன். நியாயமாக எனக்கு அதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மொட்டைமாடிதான் வந்தது. நூற்றைம்பது சனிக்கிழமை ஊதினேனே, அதுதான் குழந்தையைப் பிடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டர் சாப்பாட்டுக்கு ஒரு அட்டவணை கொடுத்தார். விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மிஷின் வாங்கச் சொன்னார். தினசரி அளவைக் குறித்துவர, ஆஸ்பத்திரித் தலைப்பு அச்சடித்த வெறும் தாள்கள் ஒரு கொத்து கிழித்துக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தேன். சோறு குறைந்தது, சப்பாத்தி இரண்டாயிற்று, சர்க்கரை டப்பாவை அம்மா பரணில் ஏற்றினாள். ஆனால் மிஷினில் அளவு இறங்கவில்லை. ஏறியது!

"என்னட்டி இது, கோட்டி புடிச்ச மிஷினா இருக்கு?" என்று அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள்.

எனக்கு உறுதியாகிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தும் ஏறுகிறது என்றால் வேறு என்ன காரணம்? கஞ்சாதான். டாக்டரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபைலில் பொய் இருக்கிறது, அந்தப் பொய்யை நம்பி அந்த அம்மா வைத்தியம் பார்க்கிறார், என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தனியாகப் போகலாம் என்றால் அம்மா விடமாட்டாள். "ஆபீஸ் போய்ட்டு அப்படியே டாக்டரையும் பாத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "நானும் ரிக்‌ஷா புடிச்சு வந்துருதேன், நீ முன்னால போ" என்றாள்.

ஆகவே எழுதிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். டாக்டர் முதலில் ஃபைலைத்தான் மௌனமாகப் புரட்டுவார். அதில் ஒரு தாள் இருந்தால் படித்துக்கொள்வார். என் மூளையே மூளை! டாக்டர் கொடுத்த தலைப்புத் தாளில் ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதினேன். கஞ்சா. சனிக்கிழமைகளில். மூன்று வருஷம். கர்ப்பம் தெரிவதற்கு ஆறு வாரம் முன்பு நிறுத்திவிட்டேன். தயவுசெய்து என் அம்மா முன்னால் கேட்காதீர்கள். மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக மகர்பட்டாவுக்கு வேலைக்குப் போனேன்.

அன்று திங்கட்கிழமை. அம்மா திங்கட்கிழமைதோறும் ஃபைலைத் திறந்து, அந்த வாரத்துக்கான இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் வாங்கி வருவாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். மறந்து தொலைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, பழைய மருந்தெல்லாம் வாங்கிட்டேன். புதுச் சீட்டுல அஞ்சு மருந்து எழுதியிருக்காவளா, அதுல ஒண்ணுகூடக் கெடைக்கல. நாலு மெடிக்கல் ஏறி எறங்கிட்டேன்."

"எந்தச் சீட்டு?"

"மடிச்சு வச்சிருந்துச்சே, அது."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"நம்ம மொத கடைக்காரன் ரெண்டு தரம் வாசிச்சான். என்னையப் பாத்தான். திரும்ப மடிச்சு என் கையில குடுத்து, 'மாவ்ஷி, இது எங்ககிட்ட வராது'ங்கான். ரெண்டாவது கடையில உள்ள போயி சிரிச்சிட்டு வாரான். மூணாவது கடைக்காரன் டாக்டர்கிட்டயே குடுங்கன்னு சொல்லுதான். நாலாவது கடையில ரயில் ஸ்டேஷன் பக்கம் கேட்டா கெடைக்கும்னு சொன்னாவ. நாளைக்கு பஸ் புடிச்சுப் போயி கேட்டுட்டு வாரேன்."

"வேண்டாம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃப்ளாட் நாய் குரைத்தது. "அந்த மருந்தை டாக்டர் மாத்திட்டாங்க. அது வேண்டாமாம். தாளைக் குடு, கிழிச்சுப் போடுதேன்."

"டாக்டர் எழுதுனத நீ எப்படிட்டி கிழிப்ப? வியாழக்கெழம போவோம்லா, அப்ப கேட்டுருவோம்." ஃபைலைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரிக்கிறார். "ஸ்டேஷன்ல போய் உங்க அம்மா சீட்டை நீட்டினா எப்படி இருக்கும்!" கட்டிக்கொண்ட பாவத்துக்கு முதுகில் ஒன்று வைத்தேன். அவர் சிரிப்பு நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பில் பங்கு கொண்டவருக்கு இதிலும் பங்கு உண்டல்லவா, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் அம்மா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கால் வலிக்கிறது என்றாள். காலையில் கருப்பட்டிக் காபி வரவில்லை. சாயங்காலம் உளுந்தங்களி வரவில்லை. கேட்டால், கருப்பட்டி தீர்ந்துபோய்விட்டது என்றாள். இரண்டு கொட்டான் எப்படித் தீரும் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

வியாழக்கிழமை. டாக்டர் அறை. அம்மா வழக்கம்போல என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபைலைக் கொடுக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் எடுத்து, பிரித்து, உள்ளங்கையால் நீவி மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டர், இத மொதல்ல வாசிங்க. இவ சொல்ல மாட்டா," என்றாள் மராட்டியில்.

டாக்டர் வாசித்தார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியும் டாக்டர். நாலாவது கடையில அஞ்சுல ஒண்ணுகூடவா இல்லன்னு சண்ட போட்டேன். அங்க வேல பாக்குற பொண்ணு வாசிச்சுச் சொல்லிருச்சு."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பையைத் திறந்து, ஒரு முழுக் கருப்பட்டியை எடுத்து டாக்டரின் மேஜையில் டொம்மென்று வைத்தாள்.

"ஆனா சக்கர ஏறுனது அதனால இல்ல. இதனால. சீனிதான வேண்டாம்னு சொன்னீங்க, இது பனைதானன்னு நெனச்சு நான்தான் குடுத்தேன். காலையில காபியில. சாயங்காலம் இடுப்புக்குப் பெலன்னு உளுந்தங்களியில. தெனமும்."

டாக்டர் ஒரு ஓரத்தை உடைத்து வாயில் போட்டுச் சப்பினார். "மாவ்ஷி, இது சர்க்கரைதான்," என்றார். "நல்லா இருக்கு. ஆனா சர்க்கரை."

"கேட்டியா! நான்தான்," என்றாள் அம்மா என்னிடம்.

"இல்லம்மா, நான்தான்! கருப்பட்டி காபியில வந்தது டெஸ்டுக்குப் பொறவுதான். டெஸ்ட்ல சக்கரை வந்தது கஞ்சாவாலதான்!"

"சும்மா கெட, கழுத! களி குடுத்தது நானு."

"தின்னது நான்லா!"

டாக்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார். இது ஆஸ்பத்திரியா, கோர்ட்டா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். கர்ப்பத்துக்கு முன்னால் பிடித்த கஞ்சா இந்தச் சர்க்கரையைக் கொண்டுவருமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, கொண்டுவராது என்றும் சொல்ல மாட்டேன் என்றார். புகையா, புகைக்குப் பிறகு தின்றதா, ஏறின எடையா, அப்பாவின் சர்க்கரையா என்று யார் பிரித்துச் சொல்வது? அதைப் பிடித்துக்கொண்டு அழுவதால் அளவு இறங்காது. ஆனால் டாக்டரான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கூடுதலாகக் கவனித்திருப்பேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் ஃபைலில் பொய் எழுத வைத்தீர்கள். கோபமாகத்தான் சொன்னார். 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, மூன்று வருஷம், ஆறு வாரம் என்று எல்லாவற்றையும் எழுதினார். கீழே கருப்பட்டியையும் எழுதினார். இரண்டையும் இனித் தொடக் கூடாது என்றார்.

"டாக்டர், குழந்தை?" என்றேன்.

படுக்கச் சொல்லி, வயிற்றில் கருவியை வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, பிறந்ததும் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம், அதுவரை ஒழுங்காக இரு என்றார். நான் அழுதேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டாள். என் முகத்தை அல்ல, தன் முகத்தை.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் ஏறி உட்காரும்வரை பொறுத்தாள் அம்மா. பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்.

"ஹோலிக்கு ஹோலி கதவப் பூட்டுனேனேட்டி! மிச்ச முன்னூத்தி அறுவத்தி நாலு நாளும் தொறந்து போட்டுட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்." அடுத்த சிக்னலில், "மாப்பிள்ளையும் உண்டா?" நான் மீட்டரைப் பார்த்தேன். "அதான பாத்தேன். அவரு மூஞ்சி அப்பமே சரியில்ல." அதற்கடுத்த சிக்னலில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னதும் நீ முழிச்ச முழி இருக்கே!"

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பின்ன?"

"அப்புறம் ஏன் ரெண்டு நாளா என்னைத் திட்டல?"

அம்மா வெளியே பார்த்தாள். "கஞ்சா குடிச்சதுகூடப் பரவால்ல. அஞ்சாவது வரின்னு ஒண்ணு எழுதினியே. அந்தப் பொண்ணு அதையும் வாசிச்சுது."

அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

அதன் பிறகு மூன்று மாசம் வீட்டில் ராணுவ ஆட்சி. வெந்தயம், பாகற்காய், சாப்பாட்டுக்குப் பின் மாடிப்படி இறங்கி ஏறி நடை. டாக்டர் அறையில் மட்டும் ஒரு மாற்றம். அம்மா என்னை முதலில் உட்காரவைத்து, "நீயே சொல்லு," என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அளவு மெல்ல இறங்கியது.

பிரசவத்தன்று நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அறைக்கு வெளியே அம்மா காலையிலிருந்து உட்காராமல் நின்றிருக்கிறாள். கதவு திறந்து நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து, "பெண் குழந்தை, மாவ்ஷி!" என்றாளாம். வருஷக் கணக்காகப் பேரன் பேரன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் என் அம்மா.

"அது கெடக்கட்டும்," என்றாளாம். "சுகர் எவ்வளவு?"

சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாளாம்.